கழுத்துக்கு மட்டும் விலக்கு

வரிசையில் சிந்து ஏழாவது ஆள். தனக்கொடி அதை ஓரக்கண்ணால் எண்ணிப் பார்த்துவிட்டு, முதலில் நின்றவளின் தலையில் குச்சியை வைத்தாள்.

முழ நீளக் குச்சி. நுனியில் சின்னதாக ஒரு காந்தம். வில்லியனூர்ப் பக்கம் இருக்கிற அந்தக் காந்தக் கம்பெனிக்குள் போகும் பெண்களை உச்சி முதல் உள்ளங்கால் வரை இதால் தடவி அனுப்புவதுதான் தனக்கொடியின் வேலை. ஹேர்பின், ஊக்கு, சாவி, மடிப்பில் மறந்துபோன ஊசி, எது இருந்தாலும் டக்கென்று ஒட்டும். ஒட்டியதைக் கழற்றித் தட்டில் போட்ட பிறகுதான் உள்ளே விடுவாள்.

உள்ளே இருப்பவை விளையாட்டுச் சாமான் இல்லை. உள்ளங்கை அகலக் காந்தக் கட்டைகள். இரண்டை அருகருகே வைத்தால் பாய்ந்து ஒட்டிக்கொள்ளும். அதனால் நடுவில் மரப்பலகை கொடுத்துத்தான் நகர்த்துவார்கள். ஒருநாள் பலகையை மறந்த தணிகைவேலுக்கு இப்போது வலது கையில் நாலரை விரல்.

நகை எதுவும் கூடாது. தாலிக்கு மட்டும் விலக்கு. தங்கம்தான் காந்தத்தில் ஒட்டாதே என்று மேனேஜர் பெரிய மனசு பண்ணிக் கொடுத்த விலக்கு.

அதில்தான் வந்தது வினை.

சிந்து தனக்கொடியின் மருமகள். கல்யாணமாகி ஐந்து மாதம், கம்பெனியில் சேர்ந்து இரண்டு மாதம். செலியமேட்டிலிருந்து மாமியாரும் மருமகளும் ஒரே வேனில்தான் வருவார்கள். சிந்துவின் கழுத்தில் கிடக்கும் ஐந்து பவுன் தாலிக்கொடி தனக்கொடி போட்டது.

ஐந்து பவுன் என்று சம்பந்தி வீட்டில் வாய் நிறையச் சொன்னது அவள்தான். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது புயல் வெள்ளத்தில் நெல் அத்தனையும் அழுகிப்போக, புதுச்சேரிக்கு பஸ் ஏறிப் போய் கவரிங் வாங்கி வந்ததும் அவள்தான். அடுத்த அறுவடையில் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்று இருந்தாள். பேரில் மட்டும் தனமும் இருந்தது, கொடியும் இருந்தது.

செம்பு என்று சத்தியம் பண்ணிக் கொடுத்தான் கடைக்காரன். பாவி, உள்ளே இரும்பை வைத்திருக்கிறான். சிந்து வேலைக்கு வந்த முதல் நாள், குச்சி கழுத்தருகே போனதும் கொடி ஒரு துள்ளுத் துள்ளியது. தனக்கொடி சட்டென்று குச்சியை இழுத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து மருமகளின் கழுத்தை ஒதுக்கியே குச்சி போய்வந்தது. பேக்கிங்கில்தானே வேலை, எல்லாம் பெட்டிக்குள் மூடி வருகிற சரக்கு, ஒன்றும் ஆகாது என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். சிந்துவோ, தன் முறை வரும்போதெல்லாம் கொடியை உள்ளங்கையால் மார்போடு பொத்திக்கொள்வாள். தங்கத்தின் மேல் என்ன ஒரு பிடிப்பு இந்தப் பெண்ணுக்கு! தனக்கொடிக்குச் சில நாள் சிரிப்பு வரும். சில நாள் முகத்தைப் பார்க்காமலே உள்ளே அனுப்பிவிடுவாள்.

நேற்று சாயங்காலம் சூப்பர்வைசர் கலைவேந்தன் வந்து சொன்னார், நாளையிலிருந்து சிந்துவுக்கு அசெம்ப்ளியில் வேலை என்று.

அசெம்ப்ளியில் கட்டைகள் மேசை மேல் திறந்தே இருக்கும். குனிந்துதான் செய்ய வேண்டும். குனிகிற கழுத்தில் ஓர் இரும்புச் சங்கிலி தொங்கினால் முதலில் முகத்தை இழுத்துக்கொண்டு போகும். பதறிப்போய் ஊன்றுகிற கை அடுத்தது.

தனக்கொடி காலையில் வேனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயெடுத்தாள். சுற்றிலும் ஆட்கள். சிந்து ஜன்னல் காற்றுக்குத் துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு தூங்கியபடி வந்தாள்.

ஆறாவதாக வந்த காசம்மாளிடம் இரண்டு ஊக்குகள் சிக்கின. தட்டில் போட்டுவிட்டு அவள் ஓரமாக நின்று கொண்டையைச் சரிசெய்தாள்.

சிந்து வந்து முன்னால் நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் பதினைந்து பேர்.

வழக்கம்போல ஒதுக்கிவிட்டால் மானம் தப்பும். இந்தப் பெண்ணின் விரல்கள்?

போனால் போகட்டும் மானம் என்று தனக்கொடி குச்சியை நேராகக் கழுத்தில் வைத்தாள். வைத்த கையோடு கண்ணை மூடிக்கொண்டாள்.

எதுவும் துள்ளவில்லை.

கண்ணைத் திறந்தாள். துப்பட்டா விலகியிருந்தது. உள்ளே புது மஞ்சள் கயிறு. அதில் தாலி, அது மட்டும் அசல் தங்கம்.

"இன்னாடி, அஞ்சு பவுனு எங்க?" என்றாள் காசம்மாள்.

"வூட்டுல கழட்டி வெச்சிட்டு வந்துட்டேங்க்கா. அறுந்து கிறுந்து போச்சின்னா எங்க அத்தைக்கு யாரு பதில் சொல்றது?" வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள் சிந்து.

பிறகு தட்டில் எதையோ போடுகிறவள் போலக் குனிந்து, மெல்லச் சொன்னாள். "அது ஒட்டும் அத்த. இனிமே எனக்கும் கழுத்துல நல்லா வெச்சிப் பாருங்க."

எப்போதிருந்து தெரியும் என்று கேட்க நினைத்தாள் தனக்கொடி.

அதற்குள் சிந்து உள்ளே நடந்தாள். கதவருகே காந்தப் பெட்டிகள் ஏற்றிய தள்ளுவண்டி ஒன்று நின்றது. அதைத் தாண்டும்போது அவள் உள்ளங்கை தானாக எழுந்து, கொடியே இல்லாத மார்பைப் பொத்திக்கொண்டது.

இரண்டு மாதப் பழக்கம். அது தங்கத்தின் மேல் இருந்த பிடிப்பு இல்லை என்று தனக்கொடிக்கு அப்போதுதான் உறைத்தது.

எட்டாவது ஆள் முன்னால் வந்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு காத்திருந்தாள்.