பேசாத ஆள்

“அந்தக் கஞ்ச மகாபிரபு வீட்டுக்கா போகணும்? வேற வழியே இல்லியா?”

ஸ்கூட்டரைக் கிளப்பாமலே கேட்டான் தேவேந்திரன். செஞ்சி கடைத்தெருவில் டிவி, மிக்ஸி ரிப்பேர் பார்ப்பவன்.

“நீங்கதான சொன்னீங்க, அந்த பார்ட்டு அவரு கிட்டதான் இருக்குதுன்னு?” கடலை உருண்டை டப்பாவை அவன் தோள்பைக்குள் அழுத்தித் திணித்துவிட்டுப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள் மனைவி கலைச்செல்வி.

இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

ஊருக்கு வெளியே ஒரு குன்றின்மேல் ரிப்பீட்டர் இருக்கிறது. யாராவது கையிலிருக்கும் ரேடியோ செட்டில் பட்டனை அமுக்கிப் பேசினால், அந்தப் பேச்சை வாங்கிப் பலமாக்கி, சுற்றுவட்டாரத்து செட்டுகளுக்கெல்லாம் அனுப்புகிற பெட்டி. ஹாம் ரேடியோ சங்கத்தார் சேர்ந்து வைத்தது. பராமரிப்பு மட்டும் தேவேந்திரன் தலையில்.

மறுநாள் அமாவாசை. மேல்மலையனூர் அம்மன் கோயில் கூட்டத்தில் செல்போன்கள் செத்துவிடும். தொலைந்துபோன பிள்ளைகளைச் சங்கத்தார் இந்த செட்டுகளை வைத்துத்தான் தேடுவார்கள். அந்த நேரம் பார்த்து ரிப்பீட்டரின் பவர் டிரான்சிஸ்டர் சூடேறி, அரை உயிரில் கிடந்தது. கம்பெனி அதைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டது. சென்னையில் கடை கடையாக ஏறி இறங்கியும் கிடைக்கவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் ஒன்றே ஒன்று இருந்தது, வல்லத்தில், சங்கத் தலைவர் ராஜாராமிடம் இருந்த, டாக்சிகளில் வைத்துப் பேசும் பழைய ரேடியோ செட்டுக்குள்.

“நல்லா இருந்தது எப்படிங்க சூடாச்சு?” ஸ்கூட்டர் நகர்ந்ததும் கேட்டாள் கலைச்செல்வி.

“எவனோ ஒருத்தன் பட்டன அமுக்கிக்கினே இருக்கான். பேசவும் மாட்டான், விடவும் மாட்டான். மாவு மெஷின் கணக்கா கடகடன்னு சத்தம் மட்டும் வருதாம். ரிப்பீட்டர் ஓயாம ஓடினா சூடாவாம இன்னா பண்ணும்?”

“வருதாம்னா? நீங்க கேட்டதில்லியா?”

“சாயங்காலத்துலதான் வருது. அந்நேரம் நான் கடைய மூடிட்டு வந்துக்கினு இருப்பேன், செட்டு பையில, சோத்து டப்பாவுக்கு அடியில கெடக்கும். நம்ம சங்கத்து அன்புச்செல்வன்தான் போன் பண்ணிச் சொன்னான். அந்த ஆளு மட்டும் கையில கெடைக்கட்டும், மலைமேல கம்பத்துல கட்டி வெச்சிடறேன்!”

கோட்டை பார்க்க வந்த பஸ்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. வண்டி நின்றாலும் தேவேந்திரன் வாய் நிற்கவில்லை.

“கேட்டவுடனே குடுப்பாருன்னு நெனைக்கிறியா? மொதல்ல லெக்சரு. காலைல செட்ட ஆன் பண்ணா போதும், அந்தாளு கொரலுதான். மழை பேஞ்சுது, வெயில் அடிச்சுதுன்னு. மழை பேஞ்சா நமக்குத் தெரியாதா?”

“மெதுவா பேசுங்க.”

“இங்க யாருக்குக் கேக்கப் போவுது? அவரு வீட்டம்மா குடுக்கிற காபி இருக்குதே, கழனித்தண்ணி தேவலாம். காபியோட பாத்தாலே டம்ளர் அடியில இருக்கிற பேரப் படிக்கலாம்.”

கலைச்செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அத ரெண்டாவது வாட்டி கேட்டு வாங்கிக் குடிச்சது யாரு?”

“பார்ட்டுக்காகக் குடிச்சேன். இன்னிக்கும் குடிப்பேன்.” பஸ் நகர்ந்தது. அவன் குரல் இறங்கிவிட்டது. “போன அமாவாசைல ஒரு பாப்பா காணாம போச்சே, தெரியும்ல? செட்டு இருந்ததாலதான் கெடைச்சுது. அது அம்மா ஓடி வந்து தூக்கினத இன்னும் மறக்க முடியல. நாளைக்கு ரிப்பீட்டர் படுத்துட்டா எனக்குச் சோறு எறங்காது, கலை. அந்தாளு கால்ல விழச் சொன்னாலும் விழுவேன்.”

கலைச்செல்வி அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். தேவேந்திரனுக்கு ஊரில் பிடிக்காத மனிதர்கள் நிறைய. வல்லம் வருவதற்குள் பாதிப்பேரை முடித்துவிட்டான்.

ராஜாராம் வாசலிலேயே நின்றிருந்தார். எப்போதும் பத்துக் குரல் கொடுத்தால்தான் வெளியே வருவார்.

“வா தேவேந்திரா. வாம்மா.”

அவ்வளவுதான். மழையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கூடத்து மேசைமேல் டாக்சி செட் திறந்து கிடந்தது. பக்கத்தில் ஈயம் பற்றவைக்கும் கம்பி இன்னும் சூடாக இருந்தது. கழற்றிய டிரான்சிஸ்டரைப் பஞ்சில் சுற்றி அவன் கையில் வைத்தார்.

“எடுத்துக்கினு போ.”

தேவேந்திரன் இன்னும் கேட்கவே இல்லை. அதற்குள் ராஜாராமின் மனைவி மீனம்பாள் காபி கொண்டுவந்தாள். கன்னங்கரேலென்று இருந்தது. முழுக்க டிகாஷன். ஒரு வாய் குடித்ததும் அவனுக்குத் தலையே சிலிர்த்தது.

“உங்க காபிக்காகவே வரலாம்க்கா” என்றான்.

மீனம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பாவம், புகழ்ந்ததில் வெட்கம்போல என்று நினைத்துக்கொண்டான். வழியெல்லாம் பேசியது மனசை உறுத்தியது. செட்டும் உருண்டை டப்பாவும் இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான்.

“சார், உங்க மனசு யாருக்கும் வராது. இனிமே அந்தப் பட்டன அமுக்குற ஆளத்தான் பிடிக்கணும்.”

“பிடிச்சாச்சு” என்றார் ராஜாராம். “இத்தினி நாளா வாயத் தொறக்காதவன், இன்னிக்குத் தொறந்தான். சங்கமே கேட்டுது.”

எழுந்துபோய், அலமாரியில் முனகிக்கொண்டிருந்த தன் செட்டின் சத்தத்தைக் கூட்டினார்.

“யாரு சார்?” என்றான் தேவேந்திரன் ஆவலாக.

“யாரு சார்?” என்றது அலமாரியிலிருந்த செட்டும், அவன் குரலிலேயே.