இரண்டு மணிச் செய்தி

இராஜதுரை அன்று வேலைக்குப் போகவில்லை. வேலை செய்யும் வீட்டுச் சின்யோரா அம்மாவிடம் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு, காலையிலிருந்து போனும் கையுமாக இருந்தார்.

"என்ரை பிள்ளை இண்டைக்கு இரண்டு மணிச் செய்தி வாசிக்கிறாள். இத்தாலியன் ரிவியிலை. கட்டாயம் பாருங்கோ."

பலெர்மோ நகரில் அவருடைய போனுக்குத் தப்பிய தமிழர் யாருமில்லை. கோயில் சனம், சேர்ச் சனம், மூன்று வருடமாகக் கதைக்காத மச்சான், எல்லாருக்கும் போனது.

மகள் கேசிகா சொன்னது வேறு. பல்கலைக்கழகத்தில் ஊடகத்துறை படிக்கிறாள். "வகுப்போடை ரிவி நிலையம் பாக்கப் போறன். மத்தியானம் செய்தி மேசையிலை இருந்து வாசிக்கவும் விடுவினம்" என்றுதான் சொன்னாள். மிச்சத்தை அப்பா தானே சேர்த்துக்கொண்டார்.

பொலிதேயாமா அரங்குக்குப் பக்கத்தில் இருந்தது அந்த நிலையம். உள்ளே போனதும் போன்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். "இது வெறும் பயிற்சி. ஒளிபரப்பாகாது. வடிவாகத் தடுமாறலாம்" என்று நிலையத்துப் பெண் சொல்ல, வகுப்பே சிரித்தது. கேசிகாவும் ஒரு நிமிடம் வாசித்தாள். தடுமாறவில்லை.

வெளியே வந்து போனைத் திறந்தாள். அப்பாவின் குரல் செய்தி கிடந்தது.

"வீட்டிலை இருபது பேர் வந்திட்டினம். றோல்ஸ் பொரிச்சாச்சு. பயப்பிடாமல் வாசி."

கேசிகா நேரத்தைப் பார்த்தாள். இரண்டு மணி எப்போதோ தாண்டியிருந்தது. இருபது பேருக்கு முன்னால் அப்பாவின் மானம் கப்பலேறியிருக்கும். இனி எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவார்? பிழை தன்னுடையது என்று எல்லாரிடமும் சொல்லிவிடுவதாக முடிவெடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

பஸ்ஸால் இறங்கிய இடத்திலேயே கோயிலுக்கு வரும் குகனேஸ்வரி மாமி நின்றார்.

"பாத்தனான் பிள்ளை. என்ன வடிவா வாசிச்சாய்."

"மாமி, அது வந்து..."

"கதையாதை. தொண்டை நோகும்."

பல்லரோ சந்தைக்குள் நுழைந்தால், மரக்கறிக்கடை அல்பேட் அண்ணை கத்தரிக்காயை விட்டுவிட்டு ஓடி வந்தார்.

"நீலச் சட்டை உனக்கு நல்ல எடுப்பு, தங்கச்சி."

கேசிகா குனிந்து பார்த்தாள். போட்டிருந்தது வெள்ளைச் சட்டை.

ஒழுங்கை முடக்கில் சேர்ச் சனத்தில் ஒருவரான மாக்கிரட் அக்கா. கொளுத்தும் வெயிலில் குடையோடு நின்றார்.

"காலநிலையும் நீதானே சொன்னனீ? மழையெண்டாய். இந்தா, குடையோடை வந்தனான்."

ஒரு செய்தியை இரண்டு பேர் உறுதிப்படுத்தினால் போடலாம் என்று பேராசிரியை படிப்பித்திருந்தார். இங்கே மூன்று பேர் உறுதிப்படுத்திவிட்டார்கள். ஒன்று மட்டும் குறைந்தது, உண்மை.

கேசிகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன சனம் இது? ஒருவரும் ரிவியைப் போட்டிருக்கமாட்டார்கள். அப்பாவின் றோல்ஸைத் தின்றுவிட்டு ஊர்வம்பு கதைத்திருப்பார்கள். இப்போது கூசாமல் வந்து முகத்துக்கு நேரே புளுகுகிறார்கள். இவர்களுக்குப் பயந்தா இவ்வளவு தூரம் நடுங்கிக்கொண்டு வந்தேன்?

இருக்கிற உண்மையை அப்பாவிடம் போட்டு உடைத்து, இந்தப் புளுகர்களின் வண்டவாளத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்று விறுவிறென்று மாடிப்படி ஏறினாள்.

கதவு திறந்திருந்தது. அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு போனில் கதைத்துக்கொண்டிருந்தார்.

"ஓம் அல்பேட், நீங்கள் மூண்டு பேரும் வழியிலை நிண்டது பெரிய உபகாரம். பிள்ளை நம்பினவளோ? இருபது பேரும் கண் வெட்டாமல் பாத்தம், ஒரு இடத்திலையும் அவளைக் காணேல்லை. எங்கடை நிறத்தைப் பாத்து வெட்டிப்போட்டாங்கள் போலை. எனக்கு வெக்கமொண்டும் இல்லை. தன்னைக் காட்டேல்லை எண்டு பிள்ளைக்கு மட்டும் தெரியக் கூடாது."