முந்தி வைத்த பெயர்

“மேடம் பேரை எடுத்துடணும் சார். வேற வழியில்ல” என்றாள் ஆராய்ச்சி மாணவி. சொன்ன கையோடு, கதவு எத்தனை அடி தூரம் என்று கண்ணால் ஒருமுறை அளந்துகொண்டாள்.

மியூசியத்தில், பேராசிரியரின் மேசையில் இரண்டு கற்கள். இரண்டிலும் ஜுராசிக் காலத்துச் சிங்கி இறாலின் ஓடு பதிந்திருந்தது. சின்னதுக்கு அவர் சூட்டியது மனைவியின் பெயர். கல்யாணத்துக்கு மோதிரத்துக்குப் பதிலாகக் கொடுத்தது. முப்பது வருடமாக அந்த வீட்டில் எல்லாச் சண்டையும், “உன் பேர்ல ஒரு உயிரினமே இருக்கு” என்ற ஒரே வாக்கியத்தில் முடிந்துவந்தது.

“ரெண்டும் ஒரே இனம் சார். உங்களுது குட்டி, அவரோடது வளந்தது. அவர் ரெண்டு வருஷம் முந்திட்டாரு. முந்தி வெச்ச பேருதான் நிக்கும்.”

அவர் என்றால் பேராசிரியரின் பழைய அறைத்தோழர், இன்றைய ஜென்மப் பகை.

மேசையின் மறுமுனையில் மனைவி பென்சில் சீவிக்கொண்டிருந்தார். மியூசியத்துக்கு அன்றும் இன்றும் அவர் ஒருவர்தான் ஓவியர். யார் கல்லைக் கொண்டுவந்தாலும் படம் அவர் கைதான். “பயப்படாம சொல்லும்மா, கடிக்க மாட்டாரு” என்று கன்னம் குழியச் சிரித்தார்.

“அவன் வெச்ச பேருக்கு என்ன அர்த்தம்?” என்றார் பேராசிரியர்.

“கன்னத்துல குழி உள்ளதுன்னு சார். ஆனா ரெண்டு வாரம் லென்ஸ் வெச்சுத் தேடிட்டேன். அந்தக் கல்லுல குழியே இல்ல.”

பேராசிரியருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “அப்ப பேரே தப்பு. தூக்கிடு.”

“தப்பா இருந்தாலும் முதல் பேரை மாத்தக் கூடாது சார். நீங்க நடத்தின பாடம்தான்.”

நடத்தியவர் அவர்தான் என்பதால் மறுக்க வழியில்லை. பத்து நிமிடம் இரண்டு ஓட்டையும் வரி வரியாக ஒப்பிட்டார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, மாணவி நீட்டிய பெயர்நீக்கத் தாளில் கையெழுத்துப் போட்டார்.

“உன் பேரு போச்சு” என்றார் மனைவியிடம்.

“போனா போகுதுங்க.”

“போனதுகூடப் பரவால்ல. அவன் வெச்ச பேருல்ல நிக்குது. குழியே இல்லாத கல்லுக்கு, எதைப் பாத்துட்டு அந்தக் குருட்டுப் பய அப்படிப் பேரு வெச்சான்?”

மனைவி பென்சில் தூளை நிதானமாக ஊதிவிட்டார்.

“என்னைத்தான்.”