இடம் மாறிய வாசல்

"சுவத்தை இடிக்கிறதை நிறுத்துடா, லாம்பர்ட்."

ரெமி போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. பக்கத்து வீட்டு லாம்பர்ட் மட்டும் திரும்பவில்லை.

அவன் தன் பழைய தெருக்கதவைப் பெயர்த்துச் செங்கல் வைத்து அடைத்துவிட்டான். நாலடி தள்ளி, ஜன்னல் இருந்த இடத்தை உடைத்துப் புதுக் கதவு வைக்கிறான். பெல்ஜியக் கொடி போட்ட வீட்டு எண் பலகை குப்பைத் தொட்டியில் கிடந்தது. அதைப் பார்த்ததும் ரெமிக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது.

வேறு ஊரில் கதவை மாற்றினால் கதவுதான் மாறும். பார்லெயில் நாடே மாறும். பெல்ஜியத்துக்கும் நெதர்லாந்துக்கும் நடுவிலான எல்லைக்கோடு அடுப்படிக்குள்ளேயே ஓடுகிற ஊர் அது. தெருக்கதவு எந்த நாட்டு மண்ணில் இருக்கிறதோ, வீடும் அந்த நாட்டுக்குச் சொந்தம். லாம்பர்ட்டின் பழைய கதவு பெல்ஜியத்தில் இருந்தது. ஜன்னல் இருந்த இடம் நெதர்லாந்து.

"உன் தாத்தா பெல்ஜியத்துக்காக உயிரை விட்டவர்டா. நீ நெதர்லாந்துக்குப் போறியா?"

"நான் எங்கயும் போகலை. அதே கட்டில்லதான் படுப்பேன்."

"வரி மிச்சம் பண்ணப் பாக்குற."

"அங்க வரி கூடத்தான் வருது."

"அப்புறம் என்ன கேடு உனக்கு?"

"கொஞ்சம் தள்ளி நில்லு. பெயின்ட் ஈரமா இருக்கு."

ரெமி நேரே மதுக்கடைக்குப் போனான். நாட்டை விற்றுவிட்டான் பாவி என்று வந்தவன் போனவனிடமெல்லாம் சொன்னான். ரெமி சீஸ் வாங்குவது என்னவோ எதிர்ச்சாரி நெதர்லாந்துக் கடையில்தான். அது வேறு விஷயம்.

"கொள்கைன்னா என்னைப் பாத்துக் கத்துக்கணும்" என்று மேஜையைத் தட்டினான். "கானா நாட்டுக்காரியைக் கட்டிக்கிட்டான்னு பெத்த பிள்ளையையே வீட்டை விட்டுத் துரத்தினவன் நான்."

எல்லோரும் குனிந்து தங்கள் கோப்பையைப் பார்த்தார்கள். ரெமி அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை அவனுக்குப் பொறுக்கவில்லை. குப்பையிலிருந்து எடுத்து வைத்திருந்த பலகையையும் சுத்தியலையும் தூக்கிக்கொண்டு போனான். தன் கையாலேயே அதை அந்தப் புதுக் கதவில் அடித்துவிட்டு வருவது என்று முடிவு. வெளியே வாடா துரோகி என்று கதவை முஷ்டியால் இடித்தான்.

கதவு திறந்தது. நின்றது லாம்பர்ட் அல்ல. ரெமியின் மகன் யாஸ்பர்.

அவன் பின்னால் வயிற்றில் கை வைத்தபடி அவன் மனைவி அபேனா. நிறைமாதம்.

உள்ளிருந்து லாம்பர்ட் வந்தான்.

"உன் பையன் சம்பளம் பத்தாதுன்னு இவளைப் பெல்ஜியத்துக்குள்ள விட மாட்டேன்னுட்டாங்க. ஆனா பெல்ஜியக்காரன் ஒருத்தன் வேற ஐரோப்பிய நாட்டுல போய்க் குடியிருந்தா, பொண்டாட்டியைக் கூட்டிட்டு வந்து வச்சுக்கலாம். சட்டம் அப்படி. அந்த வேற நாடு என் ஜன்னல்லயே இருந்துச்சு."

ரெமிக்கு மறுபடியும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அப்பன் வீடு பக்கத்துலயே இருக்கு. என் பேரப்பிள்ளை அடுத்தவன் வீட்லயா பொறக்கணும்? எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா, லாம்பர்ட்?"

அத்தனை நாள் அமைதியாகவே பேசிய லாம்பர்ட் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினான்.

"உன் வாசப்படியை மிதிக்கக் கூடாதுன்னு இவங்களைத் துரத்தினது நீதானே, ரெமி? அதான் வேற நாட்டுல ஒரு வாசல் வச்சுக் குடுத்தேன்."