யார் அந்த எண்பது கிலோ?

“ஆளு எண்பது கிலோ இருப்பாடி. குள்ளம் வேற” என்றாள் ராதிகா, போனில்.

தியாகதுருகத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் தங்கச்சி இலக்கியாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

“யாருக்கா?”

“அதாண்டி தெரியல. உங்க மாமா சைக்கிள்ல எவளோ ஏறப் போறா.”

மாமா என்பது ராதிகாவின் கணவன் அறிவுச்செல்வன். கள்ளக்குறிச்சியில் சொட்டுநீர்க் குழாய் வியாபாரம். ஞாயிறானால் மலை சைக்கிளை எடுத்துக்கொண்டு நண்பர்களோடு கல்வராயன் மலைமேல் கரியாலூர்ப் பக்கம் போய்விடுவான்.

அந்த சைக்கிளின் முன்பக்க ஷாக்குக்கு, அதாவது குலுங்காமல் தாங்கும் ஷாக் அப்சார்பருக்கு, வீட்டில் நடக்கும் உபசாரம், தலைதீபாவளி மாப்பிள்ளைக்குக்கூட நடக்காது. சனிக்கிழமை சாயந்திரமானால் துடைப்பதென்ன, ரப்பர் ஓரத்தில் சொட்டு எண்ணெய் விடுவதென்ன, குட்டிப் பம்பை மாட்டிக் காற்றுப் பார்ப்பதென்ன!

ஷாக்கில் காற்று, ஓட்டுகிறவரின் எடைக்குத் தக்கபடி இருக்க வேண்டும். எந்த எடைக்கு எவ்வளவு என்று அதன் காலிலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. காற்றை ஏற்றிவிட்டு அவன் சீட்டில் உட்காருவான். ராதிகா ஷாக்கில் மாட்டியிருக்கும் ரப்பர் வளையத்தைக் கீழே தள்ளிவிட வேண்டும். அவன் மெதுவாக இறங்கியதும் ஷாக் எழும்பும். வளையம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று மகளுடைய ஸ்கேலை வைத்து அவள் அளந்து சொல்ல வேண்டும். ரெண்டு சென்டிமீட்டர் என்றால் காற்று சரி.

இந்த சனிக்கிழமை அவன் அவளைக் கூப்பிடவே இல்லை. தனியாக என்னவோ செய்துவிட்டு, விசிலடித்துக்கொண்டே கடைக்குக் கிளம்பிவிட்டான்.

அந்த விசில்தான் ராதிகாவை உறுத்தியது. பம்பை மாட்டிப் பார்த்தாள். அவன் அறுபது கிலோ ஆசாமி. பம்பு மீட்டரின் முள் நின்றதோ, எண்பது கிலோவுக்கு நேரே போட்டிருந்த எண்ணில்.

“யாராச்சும் பிரெண்டுக்குக் குடுப்பாருக்கா. ஆம்பளையா இருக்கும்.”

“சீட்ட இவ்ளோ கீழ எறக்கி வெச்சிருக்காரு. கைப்பிடிக்குப் புதுசா உறை மாட்டியிருக்காரு, ரோஸ் கலர்ல. எந்த ஆம்பளடி ரோஸ் கலர் கேட்டான்?”

“ரோஸ் கலரா!” என்றாள் இலக்கியா.

“போயும் போயும் எண்பது கிலோவா! நான் அறுபத்திரெண்டுதான்டி. என்னைய வுட்டுட்டு, அரிசி மூட்டையாட்டம் ஒருத்தி... அவ ஏறினா கல்வராயன் மலையே ரெண்டு அடி எறங்கிடும்டி!”

சொல்லச் சொல்லக் குரல் உடைந்துவிட்டது. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவனை அவள் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. அதை நினைக்கத்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அறிவுச்செல்வன் திரும்பி வந்தான். செருப்பைக் கழற்றக்கூட அவள் விடவில்லை.

“யாருங்க அவ?”

“எவ?”

“எண்பது கிலோ!”

அவன் ஷாக்கில் தொங்கிய பம்பைப் பார்த்தான். திருதிருவென்று முழித்தான்.

“காலைல சொல்லிக்கலாம்னு இருந்தேன்...”

“இப்பவே சொல்லுங்க. எந்த ஊரு? கண்ணாலம் ஆனவளா?”

“ஆனவதான். கச்சிராயபாளையத்துப் பொண்ணு.”

“எங்க ஊர்க்காரியா! அங்க எவ இருக்கா அந்த சைசுல?”

அவன் பம்பைக் கழற்றிவிட்டு, சைக்கிளைச் சுவரோரமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டான்.

“ஏறி ஒக்காரு.”

“நான் எதுக்கு?”

“சும்மா ஏறு ராதி.”

வீம்புக்கென்றே ஏறி உட்கார்ந்தாள். சீட்டு அவளுக்கென்று அளவெடுத்த மாதிரி இருந்தது. அவன் வளையத்தைக் கீழே தள்ளிவிட்டான்.

“மெதுவா எறங்கு. இந்தா ஸ்கேலு.”

பழக்க தோஷத்தில் குனிந்து அளந்தாள். ரெண்டு சென்டிமீட்டர். மயிரிழை கூடவுமில்லை, குறையவுமில்லை.

ராதிகா இன்னொரு தடவை அளந்து பார்த்தாள். ஸ்கேல் பேச்சை மாற்றவில்லை.

“நானும் கரியாலூர் வரட்டான்னு போன மாசம் கேட்டல்ல? நாளைக்குப் போலாம். இது ஒனக்கு. நான் பிரெண்டு பிரவீன்கிட்ட ஒரு ஓட்ட சைக்கிள கேட்டு வெச்சிருக்கேன்.”

“நான்... அறுபத்திரெண்டுதாங்க.”

“சுகர் டெஸ்ட்டுக்குப் போனப்போ மெஷின்ல ஏறினியே, நீ கண்ண மூடிக்கின. நான் மூடல.”

“நார்மல்னு சொன்னீங்களே!”

“எனக்கு நார்மல்தான். ஆனா ஷாக்குகிட்ட பொய் சொல்ல முடியாது. கல்லுல எறங்கச்சொல்ல ஒன்னக் கவுத்துவுட்ரும்.”

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கண்ணைத் துடைப்பதற்குள் போன் அடித்தது. இலக்கியா.

“அக்கா, அழுதுகினு இருக்கியா? மாமா ஒத்துக்கினாரா? ஆளு யாருன்னு தெரிஞ்சுதா?”

ராதிகா ரோஸ் கலர் கைப்பிடியைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

“தெரிஞ்சுதுடி. பாவம், நல்ல பொம்பளதான். குண்டெல்லாம் இல்ல... லேசா பூசினாப்ல இருப்பா.”