இந்த ஊரு நிலா வேற

வேலைக்காகத் தென்கோடி நாட்டுக்குப் போயிருக்கும் கணவர் சற்றுமுன் அனுப்பிய படத்தில் முழுநிலா ஒளிர்கிறது. “இப்பதான் மாடியிலேர்ந்து எடுத்தேன். செம குளிர்டி!” என்கிறது ஸ்பீக்கரில் அவர் குரல். பாடப்புத்தகத்துக்குப் படம் வரைகிறவள், தூரிகையை டம்ளர் தண்ணீரில் போட்டுவிட்டு ஜன்னலைப் பார்க்கிறாள். அந்தி வானத்தில், வெட்டிப் போட்ட நகம் மாதிரி மூன்றாம் பிறை. இங்கே கோடை, அங்கே குளிர். பூமி சாய்ந்து சுற்றுவதால் அது நியாயம். ஆனால் ஒரு ஊரில் பிறை என்றால் அன்று எல்லா நாட்டிலும் பிறைதான். அதைத்தான் இப்போது வரைந்து முடித்திருக்கிறாள், சாயம்கூடக் காயவில்லை. “இங்க பிறைதாங்க தெரியுது.” “இந்த ஊரு நிலா வேறடி, மக்கு!” அவர் சிரிக்கிறார். டம்ளர் தண்ணீரில் கருநீலம் மெல்லப் பரவுகிறது. “குளிருதுன்னா வீட்டுக்குள்ள போங்க” என்கிறாள். எந்த ஊர், எந்த வீடு என்று கேட்காமல் தூரிகையை எடுத்து உதறுகிறாள்.