ஊயாங்காவின் முறை

வகுப்புக்கு வந்திருந்த போலீஸ்கார அக்கா மூன்றாவது வரிசையை எட்டிவிட்டார். இன்னும் இரண்டு பேர். அப்புறம் ஊயாங்கா.

வழி தவறிப்போனால் என்ன சொல்ல வேண்டும் என்று பழக்கிக்கொண்டிருந்தார். பேர் என்ன, வீடு எங்கே, அப்பா எங்கே வேலை செய்கிறார். பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள்.

“எங்கப்பா வேலைக்கே போறதில்ல. இப்பகூட தூங்கிக்கிட்டுதான் இருப்பாரு,” என்றான் மின்ஜே.

வகுப்பே சிரித்தது. ஊயாங்கா மட்டும் சிரிக்கவில்லை.

மங்கோலியாவிலிருந்து சியோலுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. தினமும் பள்ளி விட்ட பிறகு பியோன் டீச்சர் அவளை மட்டும் உட்காரவைத்துக் கொரிய மொழி சொல்லிக்கொடுத்தார். முதல் பாடமே இந்த மூன்று கேள்விகள்தான்.

இன்று அவளைவிட டீச்சருக்குத்தான் ஆவல். கதவோரம் நின்றபடி, எழுந்திரு என்று கண்ணைக் காட்டினார்.

எழுந்தாள். பேரைச் சொன்னாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

“அப்பா எங்க வேலை செய்றாரு, கண்ணு?”

பாலம் தாண்டி, அட்டைப்பெட்டி செய்கிற கம்பெனி. சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அக்காவின் இடுப்பில் இருந்த வாக்கிடாக்கி கரகரத்தது.

அக்கா குனிந்து, கையால் ஜாடை காட்டி, மெதுவாக மறுபடி கேட்டார். ஊயாங்கா ஒன்றும் புரியாதவள்போல் விழித்தாள்.

“நேத்து எங்கிட்ட கடகடன்னு சொன்னியேடி,” என்று கிசுகிசுத்தாள் பக்கத்தில் இருந்த சோயுல்.

“அவளுக்கு இன்னும் பேச்சு வரல,” என்றார் டீச்சர். முகம் வாடிப்போயிருந்தது.

அக்கா அவள் தலையைத் தடவிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போனார்.

ஊயாங்கா உட்கார்ந்தாள். டீச்சர் இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

போன மாதம் குடியேற்ற அதிகாரிகள் அம்மாவை வேலைசெய்யும் இடத்திலேயே பிடித்து, ஊருக்கு விமானம் ஏற்றிவிட்டார்கள். அப்பாவுக்குப் போலவே அம்மாவுக்கும் விசா முடிந்திருந்தது. அம்மா அங்கே இருப்பது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று அப்பா இன்னமும் புலம்பிக்கொண்டிருக்கிறார்.

அதற்கு முந்தின நாள் சாயங்காலம் இரண்டு பேர் வந்து கதவைத் தட்டினார்கள். அம்மாவுக்கு எங்கே வேலை என்று சிரித்த முகமாய்க் கேட்டார்கள். வீட்டில் தனியாக இருந்த ஊயாங்கா நிமிர்ந்து நின்று, கொரிய மொழியில், ஒரு பிழைகூட இல்லாமல் சொல்லி அனுப்பியிருந்தாள்.